பியர்சனிலிருந்து பலாலிக்கு எத்தனை மணித்தியாலம்?

ரொறொன்ரோ பியர்சன், யாழ்ப்பாணம் பலாலி என்று இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் தட்டினால் ஒரு நொடியில் இரண்டு இலக்கங்கள் வந்துவிடும். தூரம் கிட்டத்தட்ட 13,700 கிலோமீற்றர். பறக்கும் நேரம் பதினாறரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். இதை வாசித்துவிட்டு என் ஒன்பது வயது மகள் கேட்டாள்: "பதினாறுதானே அம்மா, பிறகு ஏன் எங்களுக்கு ரெண்டு நாள் எடுத்தது?"

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கும். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் முதலில் அந்த இலக்கங்கள் எங்கேயிருந்து வருகின்றன என்று அவளுக்குச் சொன்னேன். இரண்டு இடங்களின் அகலாங்கு, நெட்டாங்கு தெரிந்தால் போதும். பூமியை 6,371 கிலோமீற்றர் ஆரையுள்ள ஒரு பந்து என்று எடுத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது. பத்து வரி நிரல். நேரம் இன்னும் சுலபம். அந்தத் தூரத்தை மணிக்கு 850 கிலோமீற்றரால் பிரித்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டிவிட்டால் சரி. அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா இல்லையா என்று அந்த நிரல் பார்ப்பதில்லை.

ஓடாததற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்கிற விமானம் தினமும் போகிறது. பலாலிக்கு இப்போது வந்து போவது எழுபது பேரளவில் ஏறக்கூடிய, காற்றாடி வைத்த ஏ.ரி.ஆர் ரக விமானம். ரொறொன்ரோவிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய விமானம் என்பது எங்கட கலியாண வீடுகளில் சாப்பாட்டு மேசைக் கதையாகத்தான் இன்னும் இருக்கிறது.

மகளை நம்பவைக்க ஒரு நூலை எடுத்து உலக உருண்டையில் இழுத்துப் பிடித்தோம். தட்டையான படத்தில் பார்த்தால் நாங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆபிரிக்காவின் மேற்பக்கத்தால் கீழே இறங்கவேண்டும் போல இருக்கும். நூல் அப்படிப் போகவில்லை. கியூபெக்கின் வடக்கால் ஏறி, கிறீன்லாந்தின் பனிக்கு மேலாகப் போய், நோர்வேயின் வடக்கு ஓரத்தை உரசிக்கொண்டு ருஷ்யாவுக்குள் இறங்கியது. பிறகு கசகஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம், பாகிஸ்தான், ராஜஸ்தான், மகாராஷ்டிரா, தமிழ்நாட்டின் வடபகுதி, பலாலி. "நாங்க நோர்த் போலுக்குக் கிட்டப் போய்த்தான் அம்மம்மாட்டப் போறதா?" என்று மகன் கேட்டான். அவனுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு இரண்டு நாள் பனிக்கரடியைப் பற்றித்தான் கதை.

அந்த நூல் வழியால் இன்றைக்கு ஒருவரும் பறக்கமுடியாது. 2022 பெப்ரவரிக்குப் பிறகு கனடிய விமானங்கள் ருஷ்ய வானத்துக்குள் போவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லிக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையில் நிற்காமல் ஓடிய விமானங்களில் சில ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகவேண்டி வந்தது.

ஒரு கணக்கு மட்டும் என்னையே ஆச்சரியப்படுத்தியது. எங்கட ஆட்கள் "டுபாயால சுத்திப் போறம்" என்று சலித்துக்கொள்வார்கள். ரொறொன்ரோவிலிருந்து டுபாய் சுமார் 11,080, டுபாயிலிருந்து கொழும்பு சுமார் 3,290. கூட்டினால் 14,370. நேரே கொழும்புக்குக் கோடு கீறினால் 14,000. சுத்து என்று சொல்வது வெறும் 370 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வானில் போகிற தூரத்தளவுதான். லண்டனால் போனாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு, 14,400. ஆகவே வழியைப் பற்றி மாமிமார் உங்களுக்கு அறிவுரை சொன்னால், டிக்கெட் விலையையும் இடையில் காத்திருக்கும் நேரத்தையும் மட்டும் பாருங்கள். தூரத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

போன வருஷம் ஜூலையில் எங்களுக்கு எடுத்த நேரத்தைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு மார்க்கம் வீட்டைப் பூட்டினோம். இரவு பத்து மணிக்கு விமானம். டுபாய்க்கு பதின்மூன்று மணித்தியாலம், அங்கே நாலரை மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு கொழும்புக்கு நாலரை. இறங்கும்போது அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை ஐந்தரை. கோடையில் எங்களுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். "சனிக்கிழமை எங்க போச்சு?" என்று மகள் கேட்டாள். அந்தச் சனிக்கிழமையில் நாங்கள் பார்த்தது டுபாயில் ஒரு கண்ணாடிச் சுவரும், மகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்த ஒரு வாங்கும்தான்.

அதோடு முடியவில்லை. கட்டுநாயக்கவிலிருந்து பலாலி நேர்கோட்டில் 290 கிலோமீற்றர். வானில் ஏறி, புத்தளத்தில் இடியப்பம் சாப்பிட்டு, அனுராதபுரம் தாண்டி, வவுனியாவில் தேத்தண்ணி குடித்து, கொக்குவிலில் அம்மம்மா வீட்டுப் படலையைத் திறக்கும்போது பின்னேரம் மூன்றரை. (வான் என்று சொன்னேன், வானத்தில் இல்லை. மகளுக்கு இந்த இரண்டு சொல்லும் இன்னும் குழப்பம்தான்.) 11,000 கிலோமீற்றருக்குப் பதின்மூன்று மணித்தியாலம், கடைசி 290க்கு எட்டரை. வாசலிலிருந்து வாசலுக்கு முப்பத்தைந்தரை மணித்தியாலம். திரும்பி வரும்போது இன்னும் கூட. மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிற உயரக் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது மறிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கள் குடும்பத்தில் என்னுடைய தலைமுறைக்குத்தான் வாய்த்தது. தூரம் எப்போதும் அதே 13,700தான்.

அப்பா 1991இல் வெளிக்கிட்டவர். கொழும்பு, சிங்கப்பூர், பாங்கொக், பிறகு அவர் இன்றுவரை பெயர் சொல்லாத இரண்டு இடங்கள், கடைசியில் பியர்சன். பதினொரு மாதம். பாங்கொக்கில் ஒரு அறைக்குள் ஒன்பது பேர் இருந்ததையும், ஒருவருக்கொருவர் முடி வெட்டிவிட்டதையும் மட்டும் சொல்வார். மிச்சத்தைக் கேட்டால் எழும்பிப் போய் கராஜைக் கூட்டத் தொடங்கிவிடுவார்.

அம்மாவும் நானும் 1994இல் யாழ்ப்பாணத்தை விட்டோம். எனக்கு ஆறு வயது. ஆனையிறவால் போகமுடியாத காலம். கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து, வன்னிக்குள்ளால் வந்து, தாண்டிக்குளத்தில் சோதனைக்கு நின்று, வவுனியாவில் ரயில் ஏறிக் கொழும்புக்கு வர நாலு நாள். அந்த இரவில் எனக்கு ஞாபகம் இருப்பது, ஒருவரும் கதைக்கக்கூடாது என்று சொன்னதும், அம்மாவின் சேலைத் தலைப்பு ஈரமாக இருந்ததும்தான். பிறகு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஏழு மாதம் விசாவுக்குக் காத்திருந்தோம். கொழும்பிலிருந்து ரொறொன்ரோவுக்கு விமானத்தில் வந்தது ஒரு நாள். இணையத்தில் கேட்டால் அந்த ஒரு நாளைத்தான் காட்டும்.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. அம்மப்பாவும் அம்மம்மாவும் தென்மராட்சிக்குப் போனார்கள். அங்கேதான் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், நவம்பர் மாதம் அம்மப்பா செத்துப்போனார். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்கு அந்தச் செய்தி கடிதமாக வந்தது. யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து அங்கே தபாலில் போட்ட கடிதம். அம்மா நாள் எண்ணிப் பார்த்தா. அந்தியேட்டியும் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து கிழமையும் அம்மா வேலைக்குப் போனா, எனக்கு மத்தியானச் சாப்பாடு கட்டித் தந்தா, எங்கள் கட்டடத்தில் நடந்த ஒரு பிள்ளையின் பிறந்தநாளில் பாட்டுக்கூடப் பாடினா. தகப்பன் இல்லாமல் அந்த ஐந்து கிழமையையும் தெரியாமல் இருந்ததை அம்மா இன்னும் மறக்கவில்லை. வீட்டில் தொலைபேசி இரண்டு தரம் அடித்தால் போதும், ஓடிவந்து எடுக்கிறது அம்மாதான்.

2003இல் ஏ9 வீதி திறந்திருந்த நேரம் போனோம். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பெட்டிகளைத் திறந்து காட்டி, மறுபடி பூட்டி, கொழும்பிலிருந்து பதினாறு மணித்தியாலம். அதைப் பெரிய சுகமான பயணம் என்று எல்லோரும் சொன்னார்கள். 2006 ஓகஸ்டில் அந்த வீதி மறுபடி பூட்டப்பட்டது.

இப்போது 2025 மார்ச் மாதத்துக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை இரவு மாமா வட்ஸ்அப்பில் எடுத்தார். அம்மம்மாவுக்குப் பாரிசவாதம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எண்பத்தொன்பது வயது. அம்மாவுக்கு வார்த்தை வரவில்லை, போனை என்னிடம் தந்தா. மாமா நிதானமாகத்தான் கேட்டார்: "பிள்ளை, அக்காவை அனுப்பினா எத்தினை மணிக்கு வாசலுக்கு வருவா? அதை மட்டும் சரியாச் சொல்லுங்கோ."

ஏன் கேட்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை உடலை எம்பாம் பண்ணி வைத்திருப்பது ஊரில் இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனை நாள் வைப்பது, எந்த நேரம் எடுப்பது, ஐயருக்கு எப்போது சொல்வது, எல்லாம் இங்கேயிருந்து ஒருவர் சொல்கிற மணியில்தான் நிற்கிறது. அதைச் சொல்கிற வயதுக்கு நாங்கள் வந்துவிட்டோம். எங்கட அம்மா அப்பாவுக்கு அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க வராது. எங்கட பிள்ளைகளுக்கு அது என்ன கேள்வி என்றே விளங்காது. நடுவில் இருப்பது நாங்கள்தான்.

மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு வழி இருந்தது. சென்னைக்குப் போய் அங்கேயிருந்து பலாலிக்கு ஏ.ரி.ஆர் எடுக்கலாம். 355 கிலோமீற்றர்தான், ஒன்றேகால் மணித்தியாலம். பலாலியில் இறங்கினால் கொக்குவில் அரை மணித்தியால ஓட்டம். ஆனால் தனித்தனி டிக்கெட். பெட்டியை எடுத்து மறுபடி போட இந்தியாவுக்குள் இறங்கவேணும். அம்மாவின் கனடிய பாஸ்போட்டில் இந்திய விசா இல்லை. அந்த வழி அத்தோடு போயிற்று. மிச்சம் டுபாய், கொழும்பு, வான். வியாழன் இரவு பத்து மணி விமானத்தில் ஒரு இடம் வழமையான விலையின் இரண்டு மடங்குக்குக் கிடைத்தது. மாமாவுக்குச் சொன்னேன்: "சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன்னம்." அவர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த இரண்டு நாளும் வேலையில் இருந்துகொண்டே விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன மஞ்சள் விமானம் ஒன்று கருங்கடலுக்கு மேலால் நகர்ந்தது. இத்தனை வருஷம் நிரல் எழுதி, ஒரு புள்ளி நகர்வதை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மூன்று பத்துக்கு அம்மா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினா. அம்மம்மா கண் திறந்து பார்த்து, வாய் கொஞ்சம் கோணினபடியே கேட்டாவாம்: "பிள்ளையளை ஆரிட்ட விட்டிட்டு வந்தனீ?" மூத்த பிள்ளை எனக்கு முப்பத்தேழு வயது.

பதினொரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டா. இப்போது கைத்தடியோடு முற்றம் வரைக்கும் நடக்கிறா. அம்மா ஆறு கிழமை நின்றுவிட்டுத் திரும்பினா.

அதற்குப் பிறகு வீட்டில் சில விஷயங்களைச் செய்துவிட்டேன், உங்களுக்கும் சொல்லிவைக்கலாம். அம்மா, அப்பா, நாங்கள் நாலு பேர், எல்லாருடைய பாஸ்போட்டும் ஒரே லாச்சியில் இருக்கிறது, முடிவுத் திகதிகள் என் கலண்டரில் ஆறு மாதம் முன்கூட்டியே மணியடிக்கும். இந்திய விசாவுக்கு இந்த முறை முன்கூட்டியே போட்டுவிட்டோம். கையில் ஒரு விசா கூட இருந்தால் வழி ஒன்று கூட. கான்கூனுக்கு நாலு மணித்தியாலத்தில் போய்ப் படுத்திருக்கலாம், நாலு பேருக்கு ஊருக்குப் போகிற காசில் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். நாங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர், நடுவில் எங்கும் இல்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். பிள்ளைகள் அம்மம்மாவைத் திரையில் பார்க்கும்போது "ஹாய்" சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். படலையில் கண்டால் அப்படி ஓடுவதில்லை.

இனி அப்பாவின் கதை. அவர் 1991க்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. "நான் ஒருக்கா வந்த தூரம் போதும்" என்பார். அவருடைய வீடு கொக்குவிலில் இல்லை, வசாவிளானில். பலாலி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். 1990 ஜூனில் அந்தப் பகுதிச் சனம் முழுக்க எழும்பிப் போனது, பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்தபிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் காணிகளை விட்டிருக்கிறார்கள். எங்களுடையது இன்னும் வேலிக்கு உள்ளே. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி சென்னையிலிருந்து முதல் விமானம் வந்தபோது எல்லோரும் வீடியோ அனுப்பினார்கள். அப்பா அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். விமானத்தைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த பனைகளைப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பெரிதாக்கினால் பச்சைக் கட்டங்கள்தான் தெரிந்தன.

கொழும்பால் போனால் அவர் தன் காணிக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் வேலியில் நிற்கவேண்டும். இந்த வருஷம் மே மாதம், அம்மா திரும்பி வந்து இரண்டு கிழமையில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "பிள்ளை, சென்னையால போற அந்தச் சின்னப் பிளேன் இறங்கேக்க, கீழ எவ்வளவு பதிஞ்சு வரும்?"

வீடுகளின் கூரையும் கிணறும் தெரிகிற அளவுக்குப் பதிந்து வரும் என்றேன்.

"அப்ப நானும் வாறன்."

அம்மாவுக்கு இது சுத்த விசர்க் கதை. கொழும்பால் போனால் ஒரே டிக்கெட், பெட்டி நேரே வரும், சென்னையில் ஒரு இரவு தங்கத் தேவையில்லை, சின்னப் பிள்ளைகளோடு ஏன் இந்த அலைச்சல் என்கிறா. எல்லாம் சரி. கணக்குப் பார்த்தேன்: லண்டன், சென்னை, பலாலி. தூரத்தில் கொழும்பு வழியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை, 14,300 வருகிறது. நேரத்தில் சென்னை இரவையும் சேர்த்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணித்தியாலம் கூட. டிசம்பருக்குப் போட்டுவிட்டேன்.

வசாவிளான் ஓடுபாதைக்குத் தெற்கே. விமானம் எந்தப் பக்கத்தால் இறங்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது; ஒரு பக்கத்தால் வந்தால் தெற்கு வலப்பக்க ஜன்னலில், மற்றப் பக்கத்தால் வந்தால் இடப்பக்கத்தில். ஏ.ரி.ஆரில் நடைபாதைக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு இருக்கைதான். ஒரே வரிசையில் இரண்டு ஜன்னலையும் எடுத்திருக்கிறேன், ஒன்று அப்பாவுக்கு, மற்றது மகளுக்கு. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு இலுப்பை மரம் நிற்கும் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இலுப்பை எப்படி இருக்கும் என்று அவள் போனில் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.